அதைவிட மேலான சரக்கு

கம்பெனிக்கு ஆண்டு மலர் போடுகிறார்களாம். அதற்குக் கம்பெனியின் வரலாற்றை எழுதித் தரவேண்டும் என்று என் மகன் வந்து நின்றான். வரலாறு என்றால் என்ன எழுதவேண்டும் என்று கேட்டேன். எந்த வருஷம் ஆரம்பித்தோம், யார் விளக்கேற்றினார்கள், எப்படி வளர்ந்தோம், அவ்வளவுதான் வாப்பா என்றான். யாரும் விளக்கேற்றவில்லை. வாடகைக்கு எடுத்த குடோனில் சுக்கு மூட்டை போட்டு வைத்திருந்தவனைக் கிளப்புவதற்குள்ளேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. முதல் பார்சலில் போன வேட்டியில் சுக்கு வாசனை அடித்தது. இதுதான் தொடக்க விழா.

ஆகவே வரலாறு வேண்டும் என்கிறவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம். நான் எழுதுவது கீழே பார்சல் கட்டுகிற பிள்ளைகளுக்கும், மேலே மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து ஆர்டர் பார்க்கிற பிள்ளைகளுக்கும். காரணம் இருக்கிறது. புனலூரில் ஒருவர் தன் மகளின் கல்யாணத்துக்கு மாம்பழ நிறத்தில் சேலை கேட்டிருக்கிறார். நம்மிடம் அந்த நிறம் தீர்ந்துவிட்டது. நீங்கள் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், விலை கூடிய வேறு ஒன்றை வைத்து அனுப்பியிருக்கிறீர்கள். அவர் போன் செய்ததும், திருப்பி அனுப்புங்கள் சார், மாற்றித் தருகிறோம் என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டுப் போனை வைத்திருக்கிறான். கல்யாணம் வெள்ளிக்கிழமை. கூரியர் போய்த் திரும்புவதற்குள் அந்தப் பெண் பிள்ளையே பெற்றுவிடுவாள்.

நீங்களெல்லாம் படித்தவர்கள். நான் மூன்றாம் வகுப்பில் வாத்தியார் வெளியே நிறுத்தியபோது அப்படியே நடந்து கடைத்தெருவுக்கு வந்தவன். தமிழ் எழுத்தைப் பார்சல் முகவரிகளைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். இன்றும் என் கையெழுத்து முகவரி மாதிரிதான் இருக்கும். ஆனால் இந்த மட்டாஞ்சேரியில் தபாலில் துணி விற்றுக் கட்டிடம் எழுப்பியவன் நான் ஒருவன்தான். வேறு யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், சாயா வாங்கித் தருகிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் வேறொரு முதலாளியிடம் வேலை பார்த்தேன். அவருடைய பேரப்பிள்ளைகள் இன்னும் இந்த ஊரில் தொழில் செய்வதால் பெயர் வேண்டாம். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த ராவுத்தர். எனக்குத் தொழில் சொல்லித் தந்தவர் அவர்தான். என் தலைமுடி சீக்கிரம் கொட்டியதற்குக் காரணமும் அவர்தான். கடை என்று பெயரே தவிர யாரும் படியேறி வரமாட்டார்கள். முன்பக்கம் ஒரு கண்ணாடி அலமாரி, அதற்குள் ஒரு சிவப்புச் சேலை. மற்றதெல்லாம் தபால். தமிழில் விலைப்பட்டியல் அச்சடித்து மலையில் இருக்கிற தேயிலை எஸ்டேட்டுகளுக்கு அனுப்புவோம். அங்கே தோட்டத்தில் வேலை செய்கிற தமிழ் ஜனங்கள் கார்டு எழுதிப் போடுவார்கள். நாங்கள் துணியைத் துணிப்பையில் வைத்துத் தைத்து வி.பி.பி.யில் அனுப்புவோம். அவர்கள் தபாலாபீசில் பணம் கட்டிவிட்டுப் பார்சலை வாங்கிக்கொள்வார்கள்.

அந்தக் கார்டுகளைப் படித்திருந்தால் உங்களுக்கு என் கோபம் புரியும். ஒருவர் எழுதுவார், போன தடவை அனுப்பிய மாதிரியே ஒரு சட்டை, ஆனால் அது நன்றாக இல்லை என்று. இன்னொருவர் மச்சினனுக்குச் சட்டை கேட்பார், அளவு என்னைவிடக் கொஞ்சம் தடிமன் என்று எழுதுவார், தன் அளவைச் சொல்லமாட்டார். இதற்கெல்லாம் பதில் எழுதிக் கேட்டால் மறுபதில் வருவதற்குள் சீசன் போய்விடும் என்று முதலாளி ஒரு விதி வைத்திருந்தார். விலைப்பட்டியலின் கடைசியில் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும்: கேட்ட சரக்கு இல்லையெனில் அதே விலைக்கு அதைவிட மேலான சரக்கு அனுப்பப்படும். அந்த வரியில் முதலாளிக்கு அத்தனை பெருமை. வருகிறவர்களிடமெல்லாம் வாசித்துக் காட்டுவார். மேலானது எது என்று யார் தீர்மானிப்பது என்று நான் ஒருமுறை கேட்டேன். வேலையைப் பார்க்கச் சொன்னார்.

தீர்மானித்தது திரேசா சேச்சி. வைப்பின் தீவிலிருந்து படகேறி வந்து எங்களுக்குப் பார்சல் தைத்தவர். கை சுத்தம், தையல் சுத்தம், வாய் மட்டும் நிற்காது. ஓர் ஆவணி மாதம், வெளியே மழை, சேச்சி சாயா குடித்துக்கொண்டே என்னிடம் பெருமையாகச் சொன்னார். மூணாறு கங்காணியின் வீட்டுக் கல்யாணத்துக்கு அரக்குச் சேலை கேட்டிருந்தார்களாம், அது தீர்ந்துவிட்டதாம், அதனால் கடையிலேயே நல்லதாகப் பார்த்து, கசவுக் கரை, அதாவது தங்க ஜரிகைக் கரை, போட்ட வெள்ளைச் சேலையை எடுத்துத் தைத்து அனுப்பிவிட்டாராம்.

நான் சாயா கிளாஸைக் கீழே வைத்தேன்.

"வெள்ளையா சேச்சி?"

"வெள்ளையில்லாம பின்னே கல்யாணமோ? எனிக்கும் வெள்ளை, என் அம்மைக்கும் வெள்ளை. பள்ளியில எல்லாரும் நோக்கி நின்னு."

அவர் கிறிஸ்தவப் பெண்மணி. அவர்கள் பெண்ணுக்கு வெள்ளை உடுத்தித்தான் பள்ளிக்கு, அதாவது மாதாகோவிலுக்கு, கூட்டிப் போவார்கள். இங்கே இந்து மணப்பெண்ணும் கசவுப் புடவை உடுத்துவாள். ஆனால் மலையில் இருந்தது திருநெல்வேலி, மதுரைப் பக்கத்து ஜனங்கள். அவர்களிடத்தில் வெள்ளைச் சேலை தாலி அறுத்தவளுக்கு. அந்தக் கல்யாணம் கங்காணியின் மகனுக்கு. மாப்பிள்ளை வீடுதான் பெண்ணுக்குத் தாலி கட்டும் சேலை கொடுக்கவேண்டும். இரண்டு வீட்டு ஜனங்களும் பார்க்க, மருமகளுக்கு வெள்ளைச் சேலையைத் தட்டில் வைத்துக் கொடுத்தால், தன் பிள்ளையின் சாவைத் தானே தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி. பெண் வீட்டார் எழுந்து போய்விடுவார்கள். அந்தப் பையனுக்கு அப்புறம் அந்த மலையில் யார் பெண் கொடுப்பார்கள்? அந்தக் கங்காணிதான் வேலையாட்களை மேய்க்கிறவர். அவர் சொல்லித்தான் அந்தப் பக்கத்து எஸ்டேட்டுகளில் எங்களுக்கு ஆர்டர் வந்தது. அதுவும் அதோடு முடிந்துவிடும்.

இதைச் சேச்சிக்கு விளக்கினேன். நம்பவில்லை. "அவிடத்துக்காரர்க்கு நல்லது அறியில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த பார்சலைத் தைக்கப் போய்விட்டார்.

முதலாளியிடம் ஓடினேன். பார்சல் போய்ச் சேர்ந்திருக்கும், கல்யாணத்துக்கு இன்னும் சில நாள்தான், பிரிக்கவேண்டாம் என்று உடனே தந்தி கொடுக்கலாம் என்றேன். அப்போதுதான் அவர் தலையை நிமிர்த்தினார். அவரைத் திட்டி எத்தனையோ சொல்லுவேன், ஆனால் இதை மறைக்கமாட்டேன். எனக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியது.

"எடா மைதீனே, லயத்துல தந்திக்காரன் வந்தா என்ன அர்த்தம்?"

எனக்கு உறைத்தது. எஸ்டேட் லயங்களில், தொழிலாளிகளின் அந்த வரிசை வீடுகளில், தந்தி என்றால் சாவுச் செய்தி. வேறு எதற்கும் யாரும் தந்தி கொடுக்கமாட்டார்கள். தந்தியை யாராவது பிரித்து வாசிக்கும் முன்னாலேயே வீட்டுப் பெண்கள் ஒப்பாரி வைத்துவிடுவார்கள். கல்யாண வீட்டுக்கு முதலில் வெள்ளைச் சேலை, பின்னாலேயே தந்தி.

"ஆளாப் போ. நீ போ. கையில ஒரு சேலையோட போ" என்றார்.

இதுவரை நல்ல முதலாளி. இனிமேல் கேளுங்கள். அரக்குச் சேலை கடையில் இல்லை. பக்கத்துக் கடையில் வாங்கலாம் என்றேன். எதிரியின் கடையில் என் ஆள் போய் நிற்பதா என்று குதித்தார். பிறகு போய்க் கண்ணாடி அலமாரியைத் திறந்து அந்தச் சிவப்புச் சேலையை எடுத்துத் தந்தார். பல வருஷம் வெயில் பட்ட சேலை. மடிப்பில் நெடுக ஒரு கை அகலத்துக்கு வெளுத்துப்போய், வெறும் கண்ணுக்கே பட்டை தெரிந்தது. இதைக் கொடுத்தால் வெள்ளையே தேவலாம் என்றேன். பெண்கள் உடுத்தும்போது மடிப்புக்குள் அது மறைந்துவிடும் என்றார். தன் சரக்கில் குறை இருப்பதாக அவர் வாழ்நாளில் ஒப்புக்கொண்டதில்லை.

படகில் எர்ணாகுளம், அங்கிருந்து பஸ். இடப்பள்ளி தாண்டும்போதே முழங்கால் வரை நனைந்திருந்தேன். அடிமாலிக்கு மேலே மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. கண்டக்டர் டிக்கெட் பணத்தைத் திருப்பித் தரமாட்டேன் என்றான், ஏறி உட்கார்ந்தால் என்றாவது போகும் என்றான். சேலைப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். மண்ணைக் கடந்து அந்தப் பக்கம் போனதும் ஒரு தேயிலை லாரிக்காரன் ஏற்றிக்கொண்டான். இப்போது நீங்கள் ஏசி பஸ்ஸில் தலை வலிக்கிறது என்கிறீர்கள்.

எஸ்டேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம். லயத்து வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்தேன். சாமி படத்துக்கு முன்னால் எங்கள் பார்சல். தைத்தபடியே இருந்தது. மேலே மஞ்சள் குங்குமம் வேறு வைத்திருந்தார்கள். எனக்கு உயிர் திரும்பியது. கங்காணியைத் தனியாக அழைத்து ஏதாவது சொல்லிப் பார்சலை வாங்கிக்கொண்டு, பட்டை விழுந்த சிவப்பைக் கொடுத்துவிட்டு ஓடிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

ஆனால் அந்த மனிதர் என்னைப் பேசவே விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துப்போய் நடுவீட்டில் உட்காரவைத்தார். சொந்தக்காரர்கள் எல்லாரையும் கூப்பிட்டார். கொச்சியிலிருந்து கடைக்காரரே வந்திருக்கிறார் என்று அவர் சொல்ல, வாசலிலிருந்து ஜனம் உள்ளே வந்துகொண்டே இருந்தது. மூச்சுவிட இடமில்லை. பார்சலை எடுத்து என் மடியில் வைத்தார்.

"இந்த மழையில எங்க வீட்டு விசேசத்துக்குன்னு வந்திருக்கீக. இதவிட என்ன மரியாத வேணும் பாய்? ஒங்க கையாலயே பிரிச்சுக் குடுங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. மரியாதை செய்கிறேன் என்று கொல்லுகிறானே என்று நினைத்தேன். பெண்கள் கழுத்தை நீட்டிப் பார்க்கிறார்கள். மாப்பிள்ளைப் பையன் கதவோரம் வெட்கப்பட்டு நிற்கிறான். ஒருவர் கத்தரிக்கோலை நீட்டுகிறார். பொய் சொல்லி எழுந்தால் சந்தேகம். உண்மை சொன்னால் கல்யாணம் நின்றது.

பிள்ளைகளே, இந்த மாதிரி நேரத்தில் படித்தவன் யோசிப்பான். நான் யோசிக்கவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"எங்க கடையில ஒரு முறை உண்டு. தாலி கட்டற சேலைய கையில எடுத்துக் குடுக்கறதில்ல. தபாலாபீசு, பஸ்ஸு, சுமைக்காரன்னு எத்தன பேர் கை பட்டு வருது. பிரிச்சதும் நேரா மஞ்சத்தண்ணியிலதான் விழணும். பெரிய அண்டாவுல மஞ்சள் கரைச்சுக் கொண்டாங்க."

மூலையில் உட்கார்ந்திருந்த கங்காணியின் அக்கா விடவில்லை. இதுவரைக்கும் இந்த லயத்துக்கு வந்த சேலை எதற்கும் இப்படி ஒரு முறையைக் கேட்டதில்லையே என்றார். அதெல்லாம் உடுத்துகிற சேலை, இது தாலி ஏறுகிற சேலை என்றேன். அவர் மறுபடியும் வாயைத் திறந்தார். நல்லவேளையாகக் கங்காணியின் மனைவி எதுவும் கேட்காமல் எழுந்து உள்ளே போனார். அண்டா வந்தது. ஒரு ஊருக்கே குழம்பு வைக்கிற அளவுக்கு அதில் மஞ்சள். நான் இவ்வளவு கேட்கவில்லை.

பார்சலை அண்டாவின் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு தையலை வெட்டினேன். கறுப்பு நூலில் தைத்திருந்தது. எங்கள் கடையில் பார்சல் தைக்க வெள்ளை நூல் தவிர வேறு நூலே கிடையாது. இந்தச் சேச்சி இதிலும் தன் இஷ்டத்துக்குச் செய்திருக்கிறாரே என்று அந்த அவசரத்திலும் எரிச்சல் வந்தது. கங்காணி வேறு சரியாக அந்த நேரம் பார்த்து என் முன்னால் வந்து நின்று ஜன்னல் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டார். தள்ளி நில்லுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். பையைக் கவிழ்த்தேன். சேலை உள்ளே போனது. கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த வீட்டுச் சுமங்கலிகள் வந்து கைவையுங்கள் என்று கூப்பிட்டு, அவர்கள் அமுக்கும்போதுதான் என் கையை எடுத்தேன்.

அவர்கள் தூக்கியபோது மஞ்சள் சொட்டச் சொட்ட ஒரு சேலை வந்தது. கரையில் கசவு மின்னியது. குலவை போட்டார்கள். அந்தச் சத்தத்தில், கேட்டது அரக்கு என்பதே கங்காணிக்கு மறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கங்காணியின் அக்கா முந்தானையைப் பிடித்துத் தடவிப் பார்த்துவிட்டு, நல்ல உருப்படிதான் என்றார். மழையில் காயாது என்று அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைத்தார்கள். மறுநாள் அந்தப் பெண் அதை உடுத்திக்கொண்டு வந்தபோது கொஞ்சம் புகை வாசனை அடித்தது. வேறு குறை யாருக்கும் தெரியவில்லை.

ஊர் திரும்பினேன். முதலாளி முதலில் கேட்டது, அந்தச் சிவப்புச் சேலை எங்கே என்று. கொடுத்தேன். அதைக் கொண்டுபோய் மறுபடியும் கண்ணாடி அலமாரியில் மாட்டினார். பிறகு கதையைக் கேட்டுவிட்டு, பார்த்தாயா, அதைவிட மேலான சரக்கு அனுப்பினோம், சந்தோஷமாக உடுத்திக்கொண்டார்கள், என் விதியில் என்ன தப்பு என்றார். திரேசா சேச்சி அதற்கு மேலே. "அத்தர நல்ல கசவுல மஞ்ஞள் முக்கியோ" என்று கேட்டுவிட்டு, நல்ல சேலையைக் கெடுத்துவிட்டேன் என்று என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. அடுத்த மாதத்திலிருந்து மலையில் இருந்து வருகிற கல்யாணக் கார்டுகளில், உங்கள் கடை முறைப்படி மஞ்சளில் போடுகிற சேலை வேண்டும் என்று எழுதினார்கள். முதலாளி ஒவ்வொரு பார்சலிலும் ஒரு பொட்டலம் மஞ்சள்தூள் வைக்கச் சொன்னார். நான் வாயில் வந்ததைச் சொன்னது கடையின் பாரம்பரியம் ஆகிவிட்டது.

அறுபதுகளில் நான் பிரிந்து தனியாகத் தொடங்கினேன். கையில் சரக்கு இல்லை, பெயர் இல்லை. விலைப்பட்டியலில் நான் போட்ட ஒரே விதி, கேட்டது இல்லை என்றால் இல்லை என்று எழுதுவோம். பைத்தியக்காரன், இல்லை என்று சொல்லி எவனாவது வியாபாரம் செய்வானா என்று கடைத்தெருவே சிரித்தது. மலைக்கு ஏறினேன். அதே கங்காணி. இந்தப் பக்கத்து லயங்களின் ஆர்டர் எல்லாம் இனி உங்களுக்குத்தான் பாய் என்றார், என் மாதிரித் துணிகளைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. இனி சொன்னால் என்ன என்று, அந்த மஞ்சள் தண்ணீர் ரகசியத்தை நானே எடுத்துவிட்டேன். பார்சலுக்குள் இருந்தது வெள்ளைச் சேலை, ஒரு வீடு நிறைந்த ஜனத்தை எப்படி ஏமாற்றினேன் பார்த்தீர்களா என்று. அவர் சாவகாசமாக வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுல வெள்ள நூலு இல்ல பாய். அதான் கறுப்பு நூல்ல தச்சா."

பார்சல் வந்த அன்றைக்கே அவரும் மனைவியும் பிரித்துப் பார்த்துவிட்டார்கள். அந்த அம்மாள் அன்றைக்குச் சாப்பிடவில்லையாம். யாருக்கும் தெரியக்கூடாது என்று திரும்பத் தைத்துச் சாமிக்கு முன்னால் வைத்துவிட்டு, தன் தங்கையின் பழைய கல்யாணச் சேலையை இரவல் வாங்கி ஒளித்து வைத்திருந்தார். மகனுக்கு வருகிறவளுக்கு ஒருத்தி உடுத்திய சேலையைக் கொடுக்க மனசு வராமல் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில், தலையில் பையோடு சேறும் சகதியுமாக நான் வாசலில் நின்றிருக்கிறேன்.

"அப்ப தெரிஞ்சேதான் என் மடியில வச்சீங்களா?" என்றேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீங்க எதையோ செய்யத்தான வந்தீக. தனியா பேசவிட்டா மன்னிப்புக் கேட்டுட்டு எறங்கிப் போயிருப்பீக."

உள்ளேயிருந்து அந்த அம்மாள் குரல் கொடுத்தார். "மஞ்ச பத்தாதோன்னு நெனச்சு வீட்டுல இருந்த எல்லாத்தயும் கொட்டினேன். அதுக்கப்புறம் ஒரு வாரத்துக்கு எங்க குழம்புக்கு மஞ்ச இல்ல."

அன்றைக்குத்தான் எனக்கு அந்த ஆர்டர்கள் எதற்காக வந்தன என்று தெரிந்தது. தப்பான சரக்கு அவருக்கு எத்தனையோ கடையிலிருந்து வந்திருக்கிறது. பின்னாலேயே ஆள் வந்தது அந்த ஒரு தடவைதான். அந்தக் கல்யாணத்தைக் காப்பாற்றியது என் மூளை ஒன்றுதான் என்று அத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். மூளையும் இருந்தது, அதை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

புனலூர் விஷயத்துக்கு வருகிறேன். இதை நீங்கள் மலரில் வாசிக்கும்போது அந்தக் கல்யாணம் முடிந்திருக்கும். உங்களில் யாராவது ஒருவர் எழுந்து, நான் போகிறேன் என்று சொல்வீர்கள் என்று நேற்று சாயங்காலம் வரை என் அறையில் உட்கார்ந்து காத்திருந்தேன். ஒருவர் வந்தார். கூரியர்காரனிடம் இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கட்டுமா என்றார்.

மாம்பழ நிறச் சேலை எர்ணாகுளத்தில் எதிரி ஒருவரின் கடையில் கிடைத்தது, நானே போய் நின்று வாங்கினேன். பையில் இருக்கிறது. முன்யோசனையாக ஒரு பொட்டலம் மஞ்சள்தூளும் வைத்திருக்கிறேன். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகாதீர்கள் என்று மகன் கத்துகிறான். காலை பஸ்ஸுக்கு இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறேன். போனில் பேசிய பிள்ளையும் என்னோடு வருகிறான். அவனுக்கு இன்னும் சொல்லவில்லை.